உள்தாழ்ப்பாளுக்கு நன்றி

"உனுக்குன்னு இங்க இன்னாக்கா இருக்குது?"

அமல்ராஜ் இதைக் கேட்டபோது அவனுடைய அக்கா அமலோற்பவம் கமலக்கண்ணன் வீட்டுத் தறிக்குள் காலை மடக்கி உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அதன் நுனிகளைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பழைய நுனிகளோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. ஒன்றை விட்டுவிட்டால் புடவை நீளத்துக்கும் கோடு விழும். அதனால் அந்த வேலையில் இருக்கிறவர்களிடம் யாரும் பெரிய பேச்சு எடுப்பதில்லை. கூடப்பிறந்தவன் என்கிற உரிமையில் அமல்ராஜ் எடுத்தான்.

அவள் நிமிரவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்கிற" என்றாள்.

அந்தக் கேள்வி அவளுக்குப் பழையது. தாலி இறங்கிய நாளிலிருந்து ஊரில் பாதிப் பேர் அதை அவளிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் தம்பி கேட்டதோடு நிற்கவில்லை. "வர்ற மாசம் பெங்களூருக்குக் கெளம்பணும். துணிமணிய எடுத்து வெச்சுக்கோ. டயானா கொழந்தய வெச்சுகினு காத்துகினு கீறா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். போவாயா என்று அவன் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அமலோற்பவத்தைப் பற்றிச் சொல்வதென்றால் படவேட்டிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே மலையடிவாரத்தில் குத்தகை நிலத்தை உழுதுகொண்டிருந்த சவரிமுத்துவின் மூத்த பெண் அவள். சவரிமுத்துவின் தங்கை அன்னம்மா, கண்ணமங்கலத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள். எந்த உறவில் துக்கம் விழுந்தாலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவள். மழை இல்லாத ஒரு வருஷம் சவரிமுத்து மாட்டை விற்றுவிட்டு, மனைவி, மகள், இடுப்புக் குழந்தையான அமல்ராஜ் எல்லோரோடும் ஆரணிக்கு வந்து அரிசி ஆலையில் மூட்டை சுமந்தார். தாய் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். தம்பியை வளர்த்தது அக்காதான். தறிவீடுகளில் பாவு பிணைக்கக் கற்றுக்கொண்டு அந்தக் கூலியில் அவனைப் படிக்க வைத்தாள். அப்பன் மூட்டை சுமந்த அதே ஆலையில் பிள்ளை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

அவளைக் கட்டிய தேவநேசன் பட்டு நெய்கிறவன். அவன் சி.எஸ்.ஐ., இவள் ஆர்.சி. எந்தக் கோயிலில் கல்யாணம் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மல்லுக்கு நின்றபோது, "பொண்ணு எந்தக் கோயில்ல நிக்குதோ அந்தக் கோயில்" என்று அவன்தான் முடித்து வைத்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அமல்ராஜின் மனைவி சோபியா டீச்சர் வேலைக்குப் போனதால், அவர்கள் மகள் டயானா வளர்ந்தது அத்தை மடியில். தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டி, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் இழை எடுத்தவள் அமலோற்பவம்.

தேவநேசனுக்கு ஒரு நாள் காலையில் நெஞ்சு வலித்தது. வேலூருக்குக் கொண்டு போகும் வழியில், கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் அவன் கதை முடிந்துவிட்டது. அன்னம்மா அத்தை வந்து இறங்கினாள். வாசலிலேயே தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, "எல்லாம் போச்சே எம் பொண்ணே, ஒண்ணுமத்து நிக்கிறியே" என்று எடுத்தாள். குரல் நாலு தெருவுக்குக் கேட்டது. அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகும் அந்தப் பாட்டு நிற்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அதையே வேறு வேறு ராகத்தில் சொன்னார்கள். பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை, இனி இவளுக்கு என்ன இருக்கிறது.

கேட்டுக் கேட்டு ஒரு விடியற்காலையில் அமலோற்பவத்துக்குக் கோபம் வந்தது. எல்லாம் என்றால் எது எது? எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தேவநேசன் போய்விட்டான், சரி. அந்த இடத்தை யாராலும் அடைக்க முடியாது. ஆனால் கதவு இருந்தது. பித்தளை அண்டா இருந்தது. குழாயில் தண்ணீர் வரப்போகிற சீற்றம் கேட்டது. பத்து விரலும் மடங்கி நிமிர்ந்தன. "கதவே, நீ கீற. உனக்கு நன்றி. அண்டா, நீ கீற. உனக்கும் நன்றி" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். பக்தியால் அப்படிச் சொல்லவில்லை. முழுக்க வீம்பு. பிறகுதான் அதைச் சாமியின் பெயரில் மாற்றிக்கொண்டாள். கதவுக்கே நன்றி சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று தோன்றியிருக்கலாம்.

அன்றிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. தனக்கென்று ஒரு சட்டமும் வைத்துக்கொண்டாள். நேற்றுச் சொன்னதை இன்றைக்குச் சொல்லக்கூடாது. முதல் சில மாதம் சுலபமாக இருந்தது. வீட்டுச் சாமான் தீர்ந்த பிறகு தேட வேண்டியிருந்தது. பல் விழுந்த சந்தில் நாக்கு போய்ச் சுகமாக உட்கார்ந்துகொள்கிறது, அதற்கு நன்றி. எதிர் வீட்டுக்காரி சண்டை போடும்போதும் தன் பெயரைச் சுருக்காமல் முழுசாகச் சொல்லித் திட்டுகிறாள், அதற்கு நன்றி. கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடிய ஒரு கார்த்திகையில் பாலத்தின் மேல் நின்று பார்க்க முட்டி இடம் கொடுத்தது, அதற்கு நன்றி. இப்படித் தேடித் தேடிக் கண் பழகிவிட்டது. தன்னிடம் எது இருக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று அவளைப்போல் தெரிந்து வைத்திருந்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

வேலை செய்யும்போதுதான் பெரும்பாலும் நன்றி சொல்வாள். இழை வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்ள வேண்டும். கமலக்கண்ணன் மனைவி திலகவதி தன் பூசை அலமாரியிலிருந்து விபூதிக் கிண்ணத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைப்பாள்.

"ஏங்க்கா, உங்க சாமியார் கேட்டா இன்னா சொல்லுவ? வேதக்காரி விபூதி பூசறான்னு?"

"நெத்தியிலயா பூசறேன்? வெரல்லதானே. அவுரு வந்து நாலு இழ முறுக்கட்டும். அவுரே கேட்டு வாங்குவாரு."

"இன்னைக்கு இன்னாத்துக்கு நன்றி?"

"உன் விபூதிக்குத்தான்."

"போச்சு. எங்க சாமியையும் உன் கணக்குல சேத்துட்டியா?"

ஆர்.சி. சனங்களிடையே அன்பியம் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதத்துக்கு ஒரு வீடாகக் கூடிச் செபம் செய்வார்கள். வேதப் பகுதி வாசித்து, அதைப் பற்றி நாலு வார்த்தை பேசி, கடைசியில் ஆளுக்கு ஒரு மன்றாட்டு. மகளுக்கு வரன் வேண்டும், மகனுக்கு விசா வேண்டும், ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று கேட்டு, "உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிப்பார்கள். உடனே தலைவர் எடுத்துக் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். அந்தத் தெரு அன்பியத்துக்குத் தலைவர் அமல்ராஜ். குரல் நன்றாக இருக்கும். ஆலையில் லாரிக்காரர்களை அதட்டிப் பழகிய குரல்.

அங்கே அமலோற்பவம் ஒன்றும் கேட்கமாட்டாள். தன் முறை வந்தால், "எங்க ஊட்டு அடுப்புத் திரி ஒழுங்கா எரியுது. நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்களுக்குத் திண்டாட்டம். மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்வதா, சும்மா இருப்பதா? பாதிப் பேர் சொல்வார்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். காது மந்தமான லூர்தம்மா கிழவி மட்டும் எல்லோரும் முடித்த பிறகு தனியாக "கேட்டருளும்" என்பாள்.

"மன்றாட்டுன்னா கேக்கணும்கா" என்று அமல்ராஜ் சலித்துக்கொள்வான். "இது இன்னா, கடைக்காரனுக்கு சலாம் வெக்கிற மாரி."

"கேக்கறதுக்குத்தான் இத்தினி பேரு கீறிங்களே. அவருக்குப் பேஜாரா இருக்காது? ஒருத்தியாவது கேக்காம இருக்கேனே."

கடைசியில், கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார்தான் வழி சொன்னார். "நன்றியே சொல்லுங்கம்மா, தப்பில்ல. கடைசில அந்த 'உம்மை மன்றாடுகிறோம்'ங்கறத சேத்துக்கோங்க. சனங்க தடுமாறாது." அவளும் சேர்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அடுப்புத் திரிக்கு நன்றி சொன்னாலும் அறையே சேர்ந்து கணீரென்று பதில் சொன்னது.

இப்படி எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிறவளைப் பார்த்து உறவுக்காரர்கள் ஒரு தப்புக் கணக்குப் போட்டார்கள். இவள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள், எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவாள் என்று நினைத்தார்கள்.

டயானா பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புருஷன் ஸ்டீவுக்கும் அங்கேயே வேலை. குழந்தை பிறந்து, லீவு முடிகிற நேரம் வந்தது. சோபியாவுக்கு முட்டி தேய்ந்து மாடிப்படி ஏற முடியாது. ஸ்டீவின் அம்மாவோ தன் இன்னொரு மகளின் பிள்ளைகளோடு கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டிருந்தாள். அமல்ராஜ் கெட்டவன் இல்லை. மகள் போனில் அழுததைக் கேட்டுவிட்டு அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. யார் சும்மா இருக்கிறார்கள் என்று யோசித்தான். அக்கா தனியாக இருக்கிறாள் என்று மனசில் பட்டது. தனியாக இருப்பதும் சும்மா இருப்பதும் அவனுக்கு ஒன்றாகவே தெரிந்தது.

தறிவீட்டில் வந்து சொல்லிவிட்டுப் போன இரண்டாம் நாள் திலகவதிதான் விஷயத்தை உடைத்தாள். விபூதிக் கிண்ணத்தைக் கீழே வைத்துக்கொண்டே, "ஏங்க்கா, ஊட்ட குடோனுக்கு உட்டுட்டியாமே" என்றாள்.

"எந்த ஊட்ட?"

"உன் ஊட்டதான். பவர்லூம்காரர் ஒருத்தர் நூல் மூட்ட போடறதுக்குக் கேட்டாராம். உன் தம்பி சரின்னுட்டாராம். தறி மேட எடுத்துட்டு தரைய சமமா போட்டுக்கலாம்னுகூட சொல்லிகினாங்களாம். எங்க ஊட்டுக்காரர் டீக்கடையில கேட்டுனு வந்தாரு."

அமலோற்பவத்தின் விரலில் இருந்த இழை அறுந்தது. அவள் கையில் பட்டு இழை அறுந்து திலகவதி பார்த்ததில்லை.

"ஒரு வார்த்த உன்ன கேக்கலியா?"

"கேட்டானே. இங்க இன்னா இருக்குதுன்னு கேட்டான்" என்றாள் அமலோற்பவம். அறுந்த நுனியைத் தேடி எடுத்து, சாம்பல் தொட்டு முறுக்கினாள்.

பெங்களூர் போவது அவளுக்கு விருப்பமில்லாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. டயானாவின் குழந்தையைப் போட்டோவில் பார்த்ததிலிருந்து கை ஊறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வீடு நூல் மூட்டைக்குப் போய்விட்டால் திரும்பி வர இடம் ஏது? இத்தனை வயசுக்கு மேல் ஒரு பதினோராம் மாடியில், மொழி தெரியாத ஊரில், மருமகன் வீட்டில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறவளாக ஆகிவிடுவாள். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகு? அதை யாரும் பேசவில்லை.

அந்த மாதத்து அன்பியம் அமலோற்பவத்தின் வீட்டு முறை. சாயங்காலம் பாய் விரித்து, சுண்டல் தாளித்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். பதினைந்து இருபது பேர் வந்தார்கள். தேவநேசன் நெய்த தறி மேடையின் மேல்கூட ஏறி உட்கார்ந்தார்கள். செபமாலை முடிந்தது, வாசகம் முடிந்தது. மன்றாட்டு நேரம் வந்ததும் அமல்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணை மூடினான். கோயில் தமிழுக்கு மாறினான்.

"தனிமையில் வாடும் எங்கள் சகோதரி அமலோற்பவம் தன் பிடிவாதத்தைக் கைவிட்டு, பெங்களூரில் தன் குடும்பத்தாரோடு ஒன்றாக வாழ்வதற்கு நல்ல மனதை அவருக்குத் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அறை முழுக்கச் சொன்னது.

அமலோற்பவத்தின் வாயும் தானாகத் திறந்துகொண்டது. சின்ன வயசிலிருந்து பழகிய வாய், முன்னால் ஓடிவிட்டது. "ஆண்டவரே, எங்கள்" வரைக்கும் போன பிறகுதான் எதற்கு வேண்டிக்கொள்கிறோம் என்று உறைத்தது. தன் வீட்டில், தன் பாயில் உட்கார்ந்துகொண்டு, தன்னை ஊரைவிட்டு அனுப்பு என்று ஊரோடு சேர்ந்து தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டாள். லூர்தம்மா கிழவியின் "கேட்டருளும்" கடைசியாக வந்து விழுந்தது.

அடுத்தவள் வாயைத் திறப்பதற்குள் அமலோற்பவம் முழங்காலில் நிமிர்ந்தாள்.

"ஆண்டவரே, எங்க ஊட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குது. ராத்திரி நான்தான் போடறேன், விடிஞ்சா நான்தான் எடுக்கறேன். யாரையும் கேக்க வேண்டியதில்ல. அந்தத் தாப்பாளுக்கு நன்றி சொல்லி உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." எல்லோருக்கும் மேலே அமல்ராஜின் குரல்தான் ஒலித்தது. தலைவர் அல்லவா? பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

அவள் உட்காரவில்லை.

"இந்தத் தெருவுல எந்தத் தறியில பாவு தீந்தாலும் என்னத்தான் கூப்பிடறாங்க. வேலூர் வரைக்கும் போயித் தேடினாலும் எனக்கு நிகரா ஆள் கெடைக்காது. இந்த வெரலுக்கு நன்றி சொல்லி உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

"எங்க ஊட்டுக்காரரு படுத்துகினு இருக்கிற எடம் நடந்து போற தூரத்துல இருக்குது. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு போயி ரெண்டு வார்த்த திட்டிட்டு வர முடியுது. பெங்களூர்ல இருந்து திட்டினா அவருக்குக் கேக்காது. இந்தத் தூரத்துக்கு நன்றி சொல்லி உம்மை மன்றாடுகிறோம்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பதில் கொஞ்சம் குலுங்கி வந்தது.

"இந்த ஊடு என் பேருல இருக்குது. என்ன கேக்காம நூல் மூட்டைக்கு வுடறதுக்கு யாராலயும் முடியாது. டீக்கடையில பேசிக்கலாம், அவ்ளோதான். அந்தப் பட்டாவுக்கு நன்றி சொல்லி உம்மை மன்றாடுகிறோம்."

இந்தத் தடவை அமல்ராஜ் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் வண்டி உருள ஆரம்பித்துவிட்டது. மற்றவர்கள் அவன் இல்லாமலே சொன்னார்கள். சொல்லிவிட்டு, நூல் மூட்டை என்ன விஷயம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோபியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செபம் முடிந்ததும் சுண்டலைக் கைநிறைய அள்ளிக்கொண்டு கூட்டம் சீக்கிரமே கலைந்தது. சோபியாவோடு அமல்ராஜ் மட்டும் வாசலில் நின்றான்.

"செபத்துல வந்து சண்ட போடுறியா?"

"நீதான செபத்துல ஆரம்பிச்ச."

"நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்ட."

"நாலு பேரு முன்னாடி நீ என்ன அனுப்பி வெச்ச. வாங்கினதும் குடுத்ததும் சரியாப் போச்சு, வுடு."

"எதுக்கெடுத்தாலும் நன்றி நன்றின்னு சொல்றவ, கூடப்பொறந்தவன் செஞ்சதுக்கு மட்டும் சொல்ல மாட்டியா? உன்ன நல்லா வெச்சுக்கணும்னுதானே."

"டேய் அமலு, எங்கிட்ட இன்னா இருக்குதுன்னு தெனமும் பாத்துப் பாத்துச் சொல்றேன் பாரு, அதனாலதான் எதக் காணோம்னு எனக்கு ஜல்தியா தெரியுது. இல்லன்னா நீ ஊட்டத் தூக்கினு போனாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது."

சோபியா மெதுவாகப் படி இறங்கினாள். "அண்ணி, என் முட்டி போயிடுச்சு. நான் இன்னா பண்ணட்டும்? கொழந்தய யாரு பாக்கறது?"

"அது நெசந்தான் சோபியா. ஆனா அதுக்கு நான் மட்டும்தான் வழியா?" என்றாள் அமலோற்பவம். குரல் அவ்வளவு கெட்டியாக வரவில்லை.

மறுநாள் மத்தியானம் டயானா போன் செய்தாள்.

"அத்தை, நீங்க ஆசப்பட்டு வரீங்கன்னு அப்பா சொன்னாரு. இப்ப வரலன்னா எப்படி?"

"கண்ணு, நான் ஆசப்பட்டேன்னு எங்கிட்ட யாரும் சொல்லல. கொழந்தய எடுத்துகினு நீ இங்க வா. லேப்டாப்ப எடுத்துகினு வா. தூளிக்கு ஆணி அப்படியேதான் கீது."

"வாரத்துல மூணு நாளு ஆபீஸ் போயே ஆகணும் அத்தை. இங்கதான் இருக்கணும்."

"அப்ப சம்பளம் குடுத்து ஒரு ஆளப் போடு. நான் வந்து பத்து நாள் இருந்து அவளுக்குச் சொல்லிக் குடுக்கறேன். திரும்பி வந்துடுவேன். பஸ்ஸுக்குக் காசு நானே போட்டுக்கறேன்."

"தெரியாத ஆள்கிட்ட எப்படி அத்தை குடுக்கறது? நீங்க வளத்தீங்க இல்ல என்ன."

அமலோற்பவம் போனைக் காதிலிருந்து எடுத்து, வேறு காதுக்கு மாற்றினாள். "வளத்தேன். என் ஊட்ல வெச்சு வளத்தேன்" என்றாள்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. "சரிங்க அத்தை" என்று டயானா வைத்துவிட்டாள்.

அன்று அமலோற்பவத்துக்கு நன்றி வரவில்லை. தறிக்குள் உட்கார்ந்து இழை இழையாகத் தேடினாள். மாலைவரைக்கும் வாய் கசந்துகொண்டே இருந்தது. திலகவதி டீயை வைத்துவிட்டுப் போனாள். கிளம்பும்போது அமலோற்பவம், "கோவத்துலகூட அத்தைன்னு சொல்லித்தான் போன வெச்சா. அதுக்கு நன்றி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கடனுக்குச் சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

டயானா ஒரு கன்னடத்துப் பெண்ணை வேலைக்குப் போட்டாள். அத்தையை வந்து சொல்லிக்கொடுக்கும்படி கூப்பிடவில்லை. பவர்லூம்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அமல்ராஜ் கோயில் பூசையில் அக்கா கண்ணில் படாத வரிசைக்கு மாறிக்கொண்டான். தெருவில் எதிரே வந்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். பெற்ற பிள்ளை இருந்தால் தெரிந்திருக்கும், கல்நெஞ்சுக்காரி என்று சிலர் பேசியது அவள் காதுக்கும் வந்தது. அன்னம்மா அத்தை கண்ணமங்கலத்திலிருந்து போன் செய்து, கடைசிக் காலத்தில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்டாள்.

"குழாயில வருதே அத்த, நானே புடிச்சுக் குடிச்சுக்கறேன்" என்றாள் அமலோற்பவம்.

அடுத்த மாதத்து அன்பியம் அமல்ராஜ் வீட்டு முறை. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்ட அமல்ராஜ் அக்கா வீட்டைத் தாண்டிப் போனான். அமலோற்பவம் தலைவாரி, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் முதல் பாயில் உட்கார்ந்தாள். சோபியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அமல்ராஜ் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து செபத்தை நடத்தினான். வாசகம் முடிந்ததும் அவசரமாகப் புத்தகத்தை மூடினான்.

"இன்னைக்கு நேரமாயிடுச்சு. மன்றாட்டு வேணாம். நேரா பரலோக மந்திரம் சொல்லி முடிச்சிடலாம்."

எல்லோரும் வாசல் பக்கம் பார்த்தார்கள். தெருவில் இன்னும் பையன்கள் பந்து விளையாடுகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தது.

"இன்னும் பொழுது கீது தம்பி. நான் ஜல்தியா முடிச்சிடறேன்" என்று அமலோற்பவம் முழங்காலில் நிமிர்ந்தாள். "ஆண்டவரே, கூப்பிடாம வந்தேன். இந்த ஊட்டு வாசல்ல யாரும் என்ன மறிக்கல. உக்கார பாய் கெடச்சுது, குடிக்கத் தண்ணி கெடச்சுது. ஒரு மாசமா என்னப் பாக்கக்கூடாதுன்னு மொகத்த அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிகினே கீறான் என் தம்பி. அவனுக்குக் கழுத்து சுளுக்காம பாத்துகினு கீற. அத்தனைக்கும் நன்றி சொல்லி உம்மை மன்றாடுகிறோம்."

தலைவர் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் சொல்வது வழக்கம். எல்லோரும் அமல்ராஜைப் பார்த்தார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சோபியாதான் எடுத்தாள். மெல்லிய குரல். அந்த வீட்டில் செபத்துக்கு அவள் குரல் கொடுத்து யாரும் கேட்டதில்லை.

"ஆண்டவரே..."

அறை பிடித்துக்கொண்டது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அதில் தம்பியின் குரல் இருந்ததா என்று அமலோற்பவம் திரும்பிப் பார்க்கவில்லை. லூர்தம்மா கிழவி முடிக்கும்வரை பொறுத்திருந்து அடுத்த நன்றியைத் தொடங்கினாள்.